பல் ஆடுவது ஏன்?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் நம்மைக் காண வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். வயலில் உழைத்து உரமேறிய உடல். நலம் விசாரித்து முடிந்ததும், மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேசைமீது வைத்தார். உள்ளே மூன்று பற்கள் இருந்தன.

"சுவாமி, இவற்றில் ஒன்றிலாவது சொத்தை இருக்கிறதா, பாருங்கள். ஓராண்டிற்குள் மூன்றும் தாமாகவே விழுந்துவிட்டன. இன்னும் நான்கு ஆடுகின்றன. என் தம்பி என்னைவிடக் குறைவாகத்தான் பல் துலக்குகிறான். அவன் இன்றைக்கும் கரும்பைக் கடித்துத் தின்கிறான். எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அக்கேள்வியைவிட நம்மை அதிகம் வருத்தியது ஒரு பழைய நினைவு. ஐந்து ஆண்டுகளுக்கு முன், நாம் இப்பங்கிற்கு வந்த புதிதில், இதே மனிதர் நம்மிடம் வேறொன்று கேட்டிருந்தார். பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிகிறது, என்ன செய்யலாம் என்றார். "கொஞ்ச நாள் பிரஷைத் தொடாதீர்கள், உப்பு நீரால் வாய் கொப்பளியுங்கள், ஆறிவிடும்" என்று நாம் சொன்னோம். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்தான். ஆயினும் அது அறியாமையில் பிறந்த சொல். அவரோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அன்றுமுதல் விரலால் மட்டுமே பல் தேய்த்து வந்திருக்கிறார்.

மறுநாளே அவரை ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அங்கே கேட்டறிந்தவற்றையும், பின்னர் நாமே நூல்களில் தேடிப் பயின்றவற்றையும் இம்மாதம் வாசகர்முன் வைக்கின்றோம். பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சி என்று கொள்க.

பல் நேராக எலும்பில் அறைந்த ஆணி போன்றதன்று. தாடை எலும்பில் உள்ள குழிக்குள், எண்ணற்ற நுண்ணிய நார்களால் கட்டப்பட்டு அது நிற்கிறது. அக்கட்டின் மேல் ஈறு ஒரு போர்வையாக மூடியிருக்கிறது. ஈறும் பல்லும் சேருமிடத்தில் சிறு பள்ளம் ஒன்று உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது. இப்பள்ளத்தின் ஓரத்தில்தான் உணவுக்குப்பின் கிருமிகள் படிந்து மெல்லிய படலமாகப் படர்கின்றன. துலக்கி நீக்காவிட்டால் அப்படலம் தடித்து, நாளடைவில் சுண்ணாம்புபோல் இறுகிக் காரையாகிவிடுகிறது.

ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசிவது நோயின் முதற்படி. அதுவரை நாரும் எலும்பும் கெடுவதில்லை. அடுத்த படியில் நார்க்கட்டு அறுந்து, எலும்பு கரைந்து, பள்ளம் ஆழமாகிப் பை போலாகிறது. இதனை மருத்துவர்கள் பெரியோடான்டைடிஸ் என்பர். நம் மக்கள் நெடுங்காலமாகப் பயோரியா என்று வழங்கி வருகின்றனர். பல்லில் ஒரு சொத்தையும் இன்றியே பல் விழுவது இந்நோயினால்தான். மதில் கெடாமல் அடித்தளம் கரைந்தால் வீடு சாய்வதுபோல.

முதற்படிக்குக் காரணம் கிருமிப் படலமே என்பதை ஐயமற நிறுவியவர் ஹாரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞர். டென்மார்க்கிலுள்ள ஆர்ஹுஸ் நகரில், நலமான ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் செய்தார். அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிருவருக்கும் ஈறுகள் வீங்கின. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் வீக்கம் வடிந்து ஈறுகள் பழைய நிலைக்கு வந்தன. இவ்வாய்வு 1965-இல் வெளியாயிற்று. துலக்காதவர் எவரும் தப்பவில்லை. துலக்கியபின் குணமாகாதவரும் எவருமில்லை. நாம் அன்று சொன்ன யோசனை எவ்வளவு தலைகீழானது என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடுகிறது.

ஆனால் இரண்டாம் படிக்கு எல்லாரும் செல்வார்களா? இதனை அறிய லோவும் அவருடைய தோழர்களும் 1970-இல் இலங்கையின் மலைநாட்டுக்கு வந்தனர். அங்கே இரண்டு தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்து, 1985 வரை மீண்டும் மீண்டும் பார்த்து வந்தனர். அத்தொழிலாளர்கள் தமிழர்கள். பல் மருத்துவத்தின் நிழல்கூட அவர்கள்மீது பட்டதில்லை. பிரஷ்ஷோ பற்பசையோ கொண்டு முறையாகத் துலக்கும் வழக்கமும் இல்லை. அனைவருடைய பற்களிலும் படலமும் காரையும் கறையும் ஒரே அளவில் மண்டிக் கிடந்தன. ஈறுகளோ ஏறத்தாழ அனைத்தும் வீங்கியிருந்தன. வியப்பு யாதெனில், அவர்கள் பற்களில் சொத்தை மட்டும் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே விழுந்த பற்கள் ஈறு நோயினால் விழுந்தவை என்பது திண்ணமாயிற்று.

1986-இல் முடிவு வெளியானபோது, ஒரே அளவு அழுக்குடைய அம்மக்கள் மூன்று கூட்டத்தாராகப் பிரிந்திருந்தது தெரிந்தது. 100-க்கு ஏறத்தாழ 8 பேருக்கு நோய் காட்டுத்தீயாய்ப் பரவியது. முப்பத்தைந்து வயதில் அவர்களுடைய பற்பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் அற்றுப்போயிருந்தது. பன்னிரண்டு பற்கள் விழுந்திருந்தன. நாற்பத்தைந்து வயதில் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 பேருக்கு நோய் மெல்ல மெல்ல வளர்ந்தது. முப்பத்தைந்து வயதில் அவர்கள் இழந்த பிடிப்பு 4 மில்லிமீட்டர் அளவே. எஞ்சிய 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி. நாரும் எலும்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

நம்மிடம் பொட்டலத்தோடு வந்தவரின் கேள்வி இதுவேயன்றோ? அழுக்கு ஒன்றாயிருக்க, அண்ணனுக்கு ஒரு விதி, தம்பிக்கு ஒரு விதியா? விடை கிருமியிடம் மட்டும் இல்லை. கிருமியைக் கண்டதும் நம் உடல் எவ்வாறு எழுகிறது என்பதிலும் இருக்கிறது.

நம் கிராமங்களில் ஒரு கூரை தீப்பற்றினால் கோவில் மணி விடாமல் ஒலிக்கும். ஒலி கேட்டவர்கள் குடத்தோடு ஓடி வருவார்கள். உடலிலும் அத்தகைய மணிகள் உண்டு. ஈறுகளின் தோலணுக்களும் காவலணுக்களும் கிருமியின் சுவடு தெரிந்த நொடியில் சிறு சிறு புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றிற்குச் சைட்டோகைன் என்று பெயர். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு அனுப்பும் செய்தி என்று இவற்றைக் கொள்ளலாம். இன்டர்லூக்கின் என்ற குடும்பத்துப் புரதங்கள் எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன. இன்டர்லூக்கின்-8 இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களுக்கு வழி காட்டி, கிருமி இருக்குமிடத்திற்கு அழைத்து வருகிறது. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆகியவை இரத்தக் குழாய்களை விரியச் செய்து, மேலும் மேலும் துணைப்படையைக் கூட்டுகின்றன. ஈறு சிவப்பதும் வீங்குவதும் இரத்தம் கசிவதும் இந்த அழைப்பின் விளைவுகளே. இவை இல்லாவிடில் நாம் ஒரு நாளும் உயிரோடிருக்க இயலாது.

தீ அணைந்ததும் மணி நிற்க வேண்டும். இன்டர்லூக்கின்-10 போன்ற சில செய்திகள் 'போதும், திரும்புங்கள்' என்று சொல்வதற்கென்றே உள்ளன. ஆனால் ஈற்றுப்பையில் கிருமிப் படலம் நீக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தால்? மணி பத்து ஆண்டுகள் ஓயாமல் ஒலிக்கிறது. தீயணைக்க வந்த கூட்டம் கலையவில்லை. வந்தவர்களின் காலடியிலேயே சுவர் இடிகிறது. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல உமிழும் பொருட்கள் அருகிலுள்ள நார்களையும் அரிக்கின்றன. செய்திகளால் தூண்டப்பட்ட ஈற்றணுக்கள், நார்களை வெட்டும் நொதிகளைச் சுரக்கின்றன. பற்கட்டு இவ்வாறு அறுகிறது.

எலும்பு கரைவது எப்படி என்பதற்கான முதல் துப்பு 1972-இல் கிடைத்தது. ஹார்ட்டன் என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினர். மனித இரத்தத்தின் வெள்ளணுக்களைப் பற்படலத்திலிருந்து எடுத்த பொருளோடு கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அணுக்களை நீக்கிவிட்டு, எஞ்சிய நீரை மட்டும் எலிக் கருவின் எலும்புத் துண்டுகள்மீது ஊற்றினர். எலும்பு கரையத் தொடங்கியது. அந்நீரில் வெள்ளணுக்கள் விட்டுச் சென்ற ஏதோ ஒரு செய்தி இருந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. அதன் முதன்மையான கூறு இன்டர்லூக்கின்-1 வகையைச் சேர்ந்த பீட்டா என்னும் புரதமே என்று 1985-இல் கண்டனர்.

எலும்பைக் கரைப்பதற்கென்றே நம் உடலில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் அணுக்கள் உண்டு. பழைய எலும்பை அவை கரைக்க, வேறு அணுக்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. கரைக்கும் அணுக்களை ஏவும் செய்திக்கு ராங்க்-எல் என்று பெயர். அதனைத் தடுத்து நிறுத்தும் புரதம் ஆஸ்டியோபுரோட்டிஜெரின். இவ்விரண்டும் 1997, 1998 ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்டன. நலமான உடலில் இரண்டும் தராசுத் தட்டுகள்போல் சமனாக இருக்கின்றன. முற்றிய ஈறு நோயில் இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-17 ஆகியவற்றின் தூண்டுதலால் ராங்க்-எல் மிகுந்து, தராசு ஒருபுறம் சாய்ந்துவிடுகிறது. எலும்பு கரைகிறது, கட்டுவார் இல்லை. அந்த மூன்று பற்களும் விழுந்த கதை இதுதான். அவற்றை வீழ்த்திய கை, பெரும்பாலும் அவருடைய உடலின் கையேதான்.

மணி ஒரு வீட்டில் உரக்கவும் மற்றொரு வீட்டில் அடங்கியும் ஒலிப்பது ஏன்? ஓரளவு பிறப்பிலேயே அமைந்த வேறுபாடு. இரட்டையரை ஒப்பிட்டுச் செய்த ஆய்வொன்று, நோயின் ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழப் பாதியளவு பரம்பரைக் கூறுகளைச் சார்ந்தது எனக் கண்டது. கிருமிகளிலும் தந்திரக்காரர்கள் உண்டு. போர்பைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்னும் கிருமி, வெள்ளணுக்களுக்கு வழி காட்டும் செய்தியைத் தோலணுக்கள் வெளியிடவிடாமல் அடக்கி, காவலை ஏய்த்து வேரூன்றுகிறது. புகைபிடிப்பவருக்கும் நீரிழிவு உடையவருக்கும் எலும்பு விரைந்து கரைகிறது. புகைபிடிப்பவரிடம் இன்னுமோர் ஆபத்து உண்டு. புகை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஈறுகளில் இரத்தம் அவ்வளவாகக் கசிவதில்லை. எச்சரிக்கை வெளியே தெரியாமலே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

நீரிழிவைப் பற்றித் தனியே ஒரு சொல். ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று லோ 1993-இல் எழுதினார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈறுகளில் அழற்சி மூண்டெழுகிறது. ஈறுகளிலிருந்து இரத்தத்தில் கலக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்றவையோ இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு சுமார் 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறு அளவுதான். எனினும் பல்லைச் சுத்தம் செய்வதனாலேயே கிடைக்கும் இந்நன்மையை யார் வேண்டாம் என்பர்?

அப்படியானால் அச்செய்திகளையே மருந்தால் நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கும் சான்று உண்டு. இரத்தக் குழாயை விட்டு வெள்ளணுக்கள் வெளியேற முடியாத அரிய பிறவிக் குறை ஒன்று இருக்கிறது. அக்குறையுள்ள குழந்தைகளுக்கு இளமையிலேயே பற்கள் விழுந்துவிடும். காவலின்மையால் கிருமி பெருகியதே காரணம் என்று முன்பு எண்ணினர். உண்மையில் அங்கே இன்டர்லூக்கின்-17 அளவின்றிப் பெருகி எலும்பைக் கரைக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. அச்செய்தியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் மருந்தை அத்தகைய நோயாளி ஒருவருக்குக் கொடுத்தபோது, ஈறுகளின் அழற்சி அடங்கியதாக அமெரிக்க ஆய்வாளர் 2017-இல் அறிவித்தனர். ஆயினும் இது எல்லார்க்கும் உரிய வழியன்று. கோவில் மணியின் கயிற்றை அறுத்துவிட்டால் உண்மையான தீயின்போது யார் அழைப்பார்? டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகளை மூட்டுவாதத்திற்காக உட்கொள்வோருக்கு, உறங்கிக்கிடந்த காசநோய் எழும் ஆபத்து உண்டு என்பது மருத்துவர் அறிந்ததே. ஆகவே சாதாரண மக்களுக்கு ஏற்ற வழி ஒன்றே: மணியை விட்டுவிட்டுத் தீயை அணைக்க வேண்டும். கிருமிப் படலத்தை நாள்தோறும் நீக்க வேண்டும்.

குடும்பங்களில் பின்பற்ற வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். காலையிலும் இரவு உறங்கப்போகுமுன்னும் மென்மையான பிரஷ்ஷால் ஈற்றோரம் படுமாறு துலக்குக. வேப்பங்குச்சியோ ஆலங்குச்சியோ பழக்கமானவர்கள், அதன் நுனியை நன்கு மென்று மிருதுவாக்கியபின் ஈறு கிழியாமல் பயன்படுத்துக. ஆனால் பல்லிடுக்கை அதனால் மட்டும் சுத்தம் செய்ய இயலாது என்பதை நினைவிற் கொள்க. இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தாதீர். இரண்டு வாரம் செவ்வையாகத் துலக்கியும் கசிவு நிற்கவில்லையெனில் பல் மருத்துவரிடம் செல்க. இறுகிய காரை பிரஷ்ஷுக்கு அசையாது. அதனை மருத்துவரே நீக்க வேண்டும். காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் நம் மக்களிடையே பரவியிருக்கிறது. பல் ஆடுவது எலும்பு கரைந்ததால். அதுவரை காரை அதனை முட்டுக் கொடுத்து மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவே. புகையையும் புகையிலையையும் விட்டொழிக்க. வீட்டில் ஒருவருக்கு இளமையிலேயே பல் ஆடினால், உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்க. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. எஞ்சியதைக் காக்கவே முடியும்.

நம் அன்பரின் வாயில் அந்த மருத்துவர் நான்கு அமர்வுகளில் காரையை நீக்கி, ஈற்றுப்பைகளை ஆழமாகச் சுத்தம் செய்தார். ஆடிய நான்கில் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற மூன்றும் இருக்குமா என்பதைச் சில மாதங்கள் கழித்தே சொல்ல முடியும் என்றார். நாம் அவரிடம், "தம்பி, அன்று நாம் சொன்னது தவறு" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெரியாமல்தானே சொன்னீர்கள், சுவாமி" என்றார். அச்சொல்லால் நம் பாரம் இறங்கிவிடவில்லை. சென்ற வாரம் அவர் தம் தம்பியையும் அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றதாகக் கேள்விப்பட்டோம். கரும்பு கடிக்கும் பல்லுக்கும் அடியில் காரை இருந்ததாம்.

அத்தேயிலைத் தோட்டத்து 480 பேரும் நம் நினைவில் நிற்கின்றனர். 2010-இல் மீண்டும் தேடிச் சென்ற ஆய்வாளர்கள் அவர்களுள் 75 பேரை மட்டுமே கண்டு பரிசோதிக்க முடிந்தது. பல் மருத்துவம் கிட்டாத தோட்டத்தில் வாழ்ந்ததனாலேயே அவர்கள் உலகிற்குப் பாடமாயினர். இன்று எந்த நாட்டில் எவருடைய பல் காப்பாற்றப்பட்டாலும், நாற்பத்தைந்து வயதிற்குள் எல்லாப் பற்களையும் இழந்த அந்த ஏழை உழைப்பாளிகளுக்கு அதில் பங்குண்டு. அவர்கள் விலை கொடுத்து வாங்கித் தந்த அறிவை நாம் வீணாக்கலாகாது.

பல் போனால் சொல் போயிற்று என்பர் நம் முன்னோர். சொல் போகுமுன்னே ஈறு ஒரு சொல் சொல்கிறது. துலக்கும்போது உமிழ்நீரில் கலந்து வரும் அந்தச் சிறு சிவப்பே அது. நாளைக் காலை உங்கள் வீட்டில் எவருக்கேனும் அது தென்பட்டால், பிரஷ்ஷைக் கீழே வைக்கச் சொல்லாதீர்.